பதவியை மறுப்பது குற்றமா?

1994-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பிரதமர் ழான் கிரெத்தியேன், ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர் ஒருவரை அணுகி, நாட்டின் தலைமை ஆளுநர் பதவியை ஏற்குமாறு கேட்டார். அந்நாட்டின் அரசமைப்பில், முடியரசரின் பெயரால் ஒட்டாவா நகரில் வீற்றிருப்பவர் தலைமை ஆளுநரே. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்கள் அவரது ஒப்புதலைப் பெற்றே நடைமுறைக்கு வருகின்றன. படைகளின் தலைமைத் தளபதி என்னும் பெயரும் அவருக்கே உரியது. ஒரு குடிமகன் எட்டக்கூடிய உச்சி என்று அதனைச் சொன்னால் மிகையாகாது. அந்த உச்சியை அம்மனிதர் வேண்டாம் என்றார். கணவனை இழந்து நிற்கும் தம் ஒரே மகளுக்கும், தந்தையை இழந்து நிற்கும் இரண்டு பேத்தியருக்கும் தாம் அருகில் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

அவர் பெயர் ழான் பெலிவோ. நம் நாட்டில் அப்பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. கனடாவிலோ, குறிப்பாகப் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாநிலத்திலோ, அப்பெயரைச் சொன்னால் முதியோர் முகங்களில் ஓர் ஒளி தோன்றும் என்பர்.

நல்ல மனிதர், நல்ல காரியம் செய்தார் என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோவது எளிது. அன்பு வாசகரே, அவ்வாறு கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. பதவிக்கு ஆசைப்படுவதன் தீமையைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். பதவியை மறுப்பதில் தீமை உண்டா என்னும் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. நம் முன்னோர் கேட்டிருக்கிறார்கள். கேட்டு, நாம் எதிர்பாராத விடைகளையும் தந்திருக்கிறார்கள். அவ்விடைகளை இம்மனிதரின் வாழ்வோடு வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அவரது ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்கு ஐஸ் ஹாக்கி என்பது சற்று விளங்காத ஒன்று. 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டித் தளம். அதன்மேல், காலணியில் எஃகு அலகு பொருத்திய வீரர்கள், பக்கத்திற்கு அறுவராக, வளைந்த மட்டைகளைக் கொண்டு ஒரு ரப்பர் வட்டினை எதிரணியின் வலைக்குள் செலுத்த முயல்கின்றனர். உடலோடு உடல் மோதுவது இதில் விதிக்கு உட்பட்டதே. கைகலப்பும் அடிக்கடி நிகழும். விதியை மீறியவர் தளத்திற்கு வெளியே ஒரு தனி அடைப்பிற்குள் இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ அமர்ந்திருக்க வேண்டும். அதுவரை அவரது அணி ஓர் ஆள் குறைவாகவே ஆட வேண்டும். ஒருவன் செய்த தவற்றுக்கு அணி முழுவதும் விலை கொடுக்கும் இந்த ஏற்பாட்டில் நல்லதொரு அறநெறிப் பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அது நிற்க.

பெலிவோ 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் கியூபெக்கின் ட்ருவா ரிவியேர் நகரில் பிறந்தார். குடும்பத்தின் மூத்த பிள்ளை. தந்தை ஒரு மின் நிறுவனத்தில் தொழிலாளி. பின்னர் குடும்பம் விக்டோரியாவில் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வீட்டின் பின்புறத்தில் தந்தை நீர் பாய்ச்சி உறையவைத்து அமைத்துக் கொடுத்த தளத்தில்தான் சிறுவன் சறுக்கக் கற்றான். திரு இருதய சபைச் சகோதரர்களின் பள்ளியில் படித்தான். அக்காலக் கியூபெக்கில் கோவிலும் பள்ளியும் பனித்தளமும் ஒரே முற்றத்தின் மூன்று மூலைகளைப் போன்றவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தனர்.

இளைஞரான பெலிவோ கியூபெக் நகர அணியில் ஆடியபோது, மொன்றியால் கனடியன்ஸ் என்னும் புகழ்பெற்ற தொழில்முறை அணி அவரை அழைத்தது. அவர் போகவில்லை. கியூபெக் நகர மக்கள் தம்மை அன்போடு நடத்தினர். அவர்களை விட்டுப் போக அவருக்கு அவசரம் எதுவும் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் மொன்றியாலுக்கே ஆட வேண்டும் என்ற உடன்பாடு மட்டும் இருந்தது. இறுதியில் மொன்றியால் நிர்வாகம் ஒரு விந்தையான வழியைக் கண்டது. அவர் ஆடிய கூட்டமைப்பு முழுவதையுமே விலைக்கு வாங்கி, அதனைத் தொழில்முறை அமைப்பாக மாற்றிவிட்டது! 1953-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மொன்றியாலுக்குக் கையெழுத்திட்டார். ஓர் ஆட்டக்காரரைப் பெறுவதற்காக ஒரு கூட்டமைப்பையே வாங்கிய கதை வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் நடந்தவை விளையாட்டு வரலாற்றின் பக்கங்கள், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வீரராக 10 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றார். 1961 முதல் 1971 வரை பத்தாண்டுகள் அணித்தலைவராக இருந்தார். அப்பொறுப்புக்கு அவரைத் தேர்ந்தவர்கள் அணியின் வீரர்களே. தொடர் ஆட்டங்களில் 507 கோல்கள். 1971-இல் ஓய்வு பெற்றபின் அதே அணியின் நிர்வாகத்தில் 1993 வரை துணைத்தலைவர். அக்காலத்தில் அணி வென்றவற்றையும் கூட்டினால் கோப்பைகள் 17.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பாஸ்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில், எதிரணியினர் தண்டனை பெற்று ஆள் குறைந்து நின்ற வேளையில், பெலிவோ 44 வினாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். அக்கால விதிப்படி, எத்தனை கோல் விழுந்தாலும் தண்டிக்கப்பட்டவர் இரண்டு நிமிடமும் வெளியே இருந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு அவ்விதியே மாற்றப்பட்டது. ஒரு கோல் விழுந்தவுடன் சிறு தண்டனை முடிவுக்கு வரும் என்பது இன்றும் நிலவும் விதி. மொன்றியால் அணியின் வலிமைக்கு ஈடுகொடுக்கவே விதி மாறியது என்பதை அனைவரும் அறிவர். அவ்வலிமையின் நடுநாயகம் இவர்.

இவரை நயத்தக்க நாகரிகர் என்றே எல்லாரும் போற்றுவர். உண்மைதான். ஆனால், அந்நாகரிகம் பலவீனத்தின் மறுபெயர் அன்று. ஆறடி மூன்று அங்குல உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் உடைய இம்மனிதரைத் தொடக்க ஆண்டுகளில் எதிரணியினர் அடித்தும் இடித்தும் துன்புறுத்தினர். 1955-56 பருவத்தில் அவர் திருப்பித் தரத் தொடங்கினார். அவ்வொரு பருவத்தில் மட்டும் அவர் பெற்ற தண்டனை நேரம் 143 நிமிடங்கள். அதே பருவத்தில்தான் 47 கோல்கள் அடித்து, அதிகப் புள்ளிகளுக்கான பரிசையும் சிறந்த வீரருக்கான பரிசையும் ஒருங்கே பெற்றார். தம்மை மதிக்கச் செய்தபின் அவர் மீண்டும் தம் இயல்பான அமைதிக்குத் திரும்பினார். வலிமை உள்ளவனின் பொறுமையைத்தான் பொறுமை என்று சொல்லத் தகும்.

அவருக்கு முந்தைய நாயகன் மோரிஸ் ரிஷாரின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். 1955 மார்ச்சில், நடுவர் குழுவைச் சேர்ந்த ஒருவரை அடித்ததற்காக ரிஷாருக்கு எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலும் தடை விதிக்கப்பட்டது. தடை விதித்தவர் ஆங்கிலம் பேசும் தலைவர். மார்ச் 17-ஆம் நாள் இரவு மொன்றியால் நகரமே கொந்தளித்தது; அரங்கினுள் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது; தெருக்களில் கடைகள் சூறையாடப்பட்டன. மறுநாள் ரிஷாரே வானொலியில் பேசி மக்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. தம் மொழியும் தம் சமயமும் தாழ்த்தப்பட்டதாக உணர்ந்த ஒரு மக்கள்கூட்டத்திற்கு ஓர் ஆட்டக்காரன் எவ்வளவு பெரிய அடையாளமாக ஆகிவிட முடியும் என்பதற்கு அவ்விரவு சான்று. அத்தகைய செல்வாக்கைத்தான் பெலிவோ மரபுரிமையாகப் பெற்றார். அதனைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்று பார்த்தால், 1971-இல் தமக்கு நடந்த பாராட்டு இரவில் பரிசுப்பொருள்கள் வேண்டாம் என்று சொல்லி, திரண்ட ஒன்றரை லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைக் கொண்டு நலிந்த குழந்தைகளுக்கான நிதி ஒன்றைத் தொடங்கினார். தமக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதினார். கையெழுத்துக் கேட்ட சிறுவர்களுக்கு, பெயர் தெளிவாகப் படிக்கும்படி நிறுத்தி எழுதிக் கொடுத்தார். இவை சிறியவை. ஆயினும், புகழ்பெற்றோர் போடும் கிறுக்கல்களைக் கண்டவர்கள் இதன் அருமையை அறிவர்.

இனி, மறுப்புகளுக்கு வருவோம். 1994-க்கு முன்பே பிரதமர் பிரயன் மல்ரோனி அவருக்கு இருமுறை செனட் சபை உறுப்பினர் பதவியை வழங்க முன்வந்தார். இருமுறையும் அவர் மறுத்தார். கனடாவின் செனட் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகின்றனர். சட்டம் இயற்றுவோர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. இந்த மறுப்பை எடைபோடுவதில் சிக்கல் இல்லை. ஒரு பதவி வந்துசேரும் வழி சரியன்று என்று மனச்சான்று சொல்லும்போது, அதனை ஏற்பதே குற்றமாகும்.

1994-இன் மறுப்பு அத்தகையதன்று. பதவி நேரியது, வந்த வழி நேரியது, அதனை ஆற்றும் தகுதியும் அவரிடம் இருந்தது. நாட்டின் தேவையோ அன்று சிறிதன்று. அவ்வாண்டு செப்டம்பரில் கியூபெக்கில் பிரிவினை கோரும் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1995 அக்டோபர் 30-ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில், பிரிய வேண்டாம் என்றவர்கள் 50.58 விழுக்காடு, பிரிய வேண்டும் என்றவர்கள் 49.42 விழுக்காடு. இடைவெளி ஏறத்தாழ 54,000 வாக்குகளே. ஆங்கிலம் பேசுவோரும் பிரெஞ்சு பேசுவோரும் ஒருசேர நேசித்த மனிதர்கள் அந்நாட்டில் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவர்களுள் ஒருவர், அந்த ஆண்டில், நாட்டின் முதல் இருக்கையில் அமர மறுத்தார். தலைமை ஆளுநர் அரசியல் பேசக் கூடாது என்பது மரபுதான். ஆனால் சில வேளைகளில் ஒருவர் பேசாமல் அமர்ந்திருப்பதே ஒரு செய்தியாகும். வாக்கெடுப்பின் முடிவு வேறாக இருந்திருந்தால், அவருடைய மறுப்பை வரலாறு இவ்வளவு கனிவோடு நினைவுகூர்ந்திருக்குமா?

பெரிய கிரகோரியார் இங்கே நம்மைச் சும்மா விடமாட்டார். 590-ஆம் ஆண்டு திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவரும் அப்பொறுப்பிலிருந்து தப்ப முயன்றவரே. அதற்காக ரவேன்னா ஆயர் யோவான் அவரைக் கடிந்துகொண்டார். அதற்கு மறுமொழியாக எழுந்ததுதான் மேய்ப்புப்பணி நெறி பற்றிய அவரது நூல். பிறருக்குப் பயன்படும் ஆற்றல்களைப் பெற்றிருந்தும் தம் அமைதியை நாடி ஒதுங்குவோர், அவ்வாற்றல்களைத் தமக்கென்று மட்டும் பெறவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள் என்று அந்நூலில் அவர் கடுமையாகவே சொல்கிறார். தாழ்ச்சியினால் ஒதுங்குவோரையும் அவர் அறிவார். ஆனால் அந்தத் தாழ்ச்சி பிடிவாதமாக மாறிவிடக் கூடாது என்கிறார். புனித அக்குவினா தோமையாரும் தம் இறையியல் தொகுப்பில் இக்கேள்வியை எழுப்பி, ஆயர் பணியை நாடித் திரிவது எவ்வாறு முறையற்றதோ, தலைமையின் கட்டளைக்கு எதிராக அதனை முற்றிலும் மறுத்து நிற்பதும் அவ்வாறே முறையற்றது என்று விடை தருகிறார். பிறரன்புக்கும் தாழ்ச்சிக்கும் அது ஒவ்வாது என்பது அவர் காட்டும் காரணம்.

ஆயர் பணியும் நாட்டுப் பதவியும் ஒன்றல்ல. கட்டளையும் வேண்டுகோளும் ஒன்றல்ல. இவ்வேறுபாடுகளை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கிரகோரியாரின் அளவுகோல் எங்கும் செல்லும். மறுப்பவன் எதனை நோக்கிப் போகிறான்? தன் ஓய்வை நோக்கியா, வேறொருவரின் தேவையை நோக்கியா? பெலிவோவின் வயது அன்று 63. முந்தைய ஆண்டில்தான் நிர்வாகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வை நாடியிருந்தால் அதனை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் போனதோ ஓய்வை நோக்கி அன்று. ஒரு வீட்டின் துயரத்தை நோக்கிப் போனார்.

அத்துயரத்தைப் பற்றி அளவோடு பேச விரும்புகிறேன். அவருடைய மருமகன் காவல்துறையில் பணியாற்றியவர். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது பிள்ளைகளின் வயது ஐந்தும் மூன்றும். இவ்வகை இறப்பு நேர்ந்த வீட்டிற்குள் போய்வந்த எந்தப் பங்குக்குருவும் அறிந்த ஒன்று உண்டு. மற்ற இறப்புகளில் உறவினர் வந்து அழுவார்கள், பழங்கதை பேசுவார்கள், இறந்தவரைப் புகழ்வார்கள். இவ்வீட்டில் பேச்சு வாசலோடு நின்றுவிடுகிறது. ஊரார் கேளாத கேள்வியைப் பிள்ளைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் கேட்கிறார்கள். திருச்சபையும் நெடுங்காலம் அத்தகையோரிடம் கடுமை காட்டியே வந்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தற்கொலை செய்துகொண்டோர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விலக்குகளின் பட்டியலில் அவர்கள் இல்லை. 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி நூலோ, கடுமையான மனநோயும் அச்சமும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களது மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கற்பிக்கிறது. சட்டம் மாறிவிட்டது. வீட்டு வாசலில் நிற்கும் அந்த மௌனம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. அதனை உடைக்கச் சட்டநூல் போதாது. அன்றாடம் வந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்கும் ஒரு மனிதர் வேண்டும்.

ஒட்டாவாவிலிருந்து மொன்றியாலுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான்; வாரந்தோறும் வந்துபோகலாமே என்பர் சிலர். மகளையும் பேத்தியரையும் ஆளுநர் மாளிகைக்கே அழைத்துச் சென்றிருக்கலாமே என்பர் வேறு சிலர். தந்தையை அவ்வாறு இழந்த பிள்ளைகளை நாட்டின் கண்முன் கொண்டுபோய் நிறுத்துவது அவர்களுக்கு நலம் செய்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வந்துபோகும் தாத்தா ஒரு விருந்தாளி. விருந்தாளியிடம் பிள்ளைகள் தம் பரிசுகளைக் காட்டுவார்கள், காயங்களைக் காட்டமாட்டார்கள்.

அன்பிலும் ஒரு வரிசை உண்டு என்பது அக்குவினாரின் போதனை. எல்லாரையும் அன்பு செய்யக் கடமைப்பட்டிருப்பினும், அருகில் இருப்போர்க்கு நாம் கூடுதலாகக் கடன்பட்டுள்ளோம். ஆனால் அவர் இதனைக் குருட்டுத்தனமாகச் சொல்லவில்லை. இயற்கை சார்ந்தவற்றில் இரத்த உறவினரையும், நாட்டுக் காரியங்களில் உடன் குடிமக்களையும், போர்க்களத்தில் உடன் வீரரையும் முன்வைக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டுகிறார். இந்தப் பகுப்பு பெலிவோவின் முடிவுக்கு உதவுவது போலவும் தோன்றும், எதிராக நிற்பது போலவும் தோன்றும். தலைமை ஆளுநர் பதவி நாட்டுக் காரியம் அன்றோ? அப்படியானால் குடிமக்களுக்கு அன்றோ முதலிடம்? நான் இவ்வாறு எண்ணுகிறேன்: ஒரு காரியம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைப் பதவியின் பெயர் முடிவுசெய்வதில்லை, யாருடைய தேவை வேறொருவரால் நிறைவேற முடியாததோ, அது முடிவுசெய்கிறது. 1995 பிப்ரவரியில் ரோமெயோ லெபிளாங் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார். அவரும் பிரெஞ்சு மொழியினர். பணியை நிறைவாகவே செய்தார். அந்த இருக்கைக்கு மாற்று ஆள் கிடைத்தார். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாத்தாவாக இருக்க மாற்று ஆளைப் பிரதமரால் நியமிக்க முடியாது.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ‘நான் இல்லாவிட்டால் வேறொருவர்’ என்னும் வாதம் ஆபத்தானது. நல்லோர் எல்லாரும் அதனைச் சொல்லி ஒதுங்கினால் இருக்கைகளில் யார் அமர்வர் என்பதை நாம் அறிவோம். மேலும், நம் புனிதர் வரிசையிலேயே நேர்மாறான ஒருவர் இருக்கிறார். சுவிட்சர்லாந்தின் பாதுகாவலரான ஃபுளூவே நிக்கோலாஸ், 1467-ஆம் ஆண்டில், மனைவி தொரோத்தேயாவின் இசைவோடு, பத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டுத் துறவியாகச் சென்றார். கடைசிக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அவரும் நாட்டுப் பதவியை மறுத்தவரே. ஆனால் 1481-இல் சுவிட்சர்லாந்து மாநிலங்கள் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றபோது, அவர் குடிசையிலிருந்து சொல்லியனுப்பிய அறிவுரையே அமைதியைக் கொணர்ந்தது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒருவர் குடும்பத்தை விட்டுச் சென்று நாட்டைக் காத்தார். மற்றொருவர் நாட்டின் அழைப்பை விட்டுக் குடும்பத்தைக் காத்தார். இருவரையும் ஒரே விதியால் அளக்க முயன்ற நாள்களும் எனக்கு உண்டு, அது இயலவில்லை. தொரோத்தேயாவின் இசைவு நிக்கோலாஸின் கதையில் எவ்வளவு பெரிய பகுதி என்பதை மட்டும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதிகமாக உணர்கிறேன். மூன்று வயதுக் குழந்தையிடம் யார் இசைவு கேட்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. பெலிவோ செய்ததை நாம் ஏன் இவ்வளவு வியக்கிறோம்? அவர் ஆண்மகன்; புகழ்பெற்றவர்; மறுத்த பதவி மிகப் பெரியது. இதே மறுப்பைச் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! பதவி உயர்வு வந்தும் மாமியாரின் படுக்கையை விட்டு அகல முடியாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஆசிரியை, பேரப்பிள்ளையை வளர்ப்பதற்காகத் தன் முதுமையின் ஓய்வைத் துறந்த பாட்டி ஆகியோரைப் பற்றி எந்த இதழும் கட்டுரை வெளியிடுவதில்லை. அவர்கள் மறுத்தார்கள் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. அது அவர்கள் செய்ய வேண்டியதுதானே என்று கொள்கிறோம். மொன்றியால் வீட்டிலும் 1953-இல் மணமுடித்த நாள் முதல் எலீஸ் அம்மையார் இருந்தார். கணவர் ஆண்டின் பாதியை ஊர் ஊராக ஆடிக் கழித்தபோது அந்த வீட்டை நடத்தியவர் அவர். ஆளுநர் மாளிகையின் தலைவியாகும் வாய்ப்பு அவருக்கும் சேர்த்தே மறுக்கப்பட்டது. அதனை அவர் எவ்வாறு ஏற்றார் என்று நாளிதழ்கள் கேட்டனவோ, இல்லையோ!

எனக்குத் தோன்றுவது இதுதான். பெலிவோவின் மறுப்பு குற்றமன்று. ஆனால் அது விலையில்லாத மறுப்பும் அன்று. நாடு எதனையோ இழந்தது. அந்த இழப்பு இல்லை என்று காட்டி அவரைப் பாராட்டுவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். கிரகோரியார் சொன்ன கணக்கை அவர் நேராக நின்று ஏற்றுக்கொண்டு, நாட்டுக்குரியதைக் குறைத்து, வீட்டுக்குரியதைக் கொடுத்தார். வேறொருவர், வேறொரு வீட்டுச் சூழலில், அதே அழைப்பை ஏற்றிருந்தால் அவரையும் நான் குறை சொல்லமாட்டேன்.

அதன்பின் அவர் 20 ஆண்டுகள் வாழ்ந்தார். 1998-இல் நாட்டின் மிக உயர்ந்த குடிமை விருதின் முதல் நிலை அவருக்கு வழங்கப்பட்டது. 2000-இல் தொண்டையில் புற்றுக்கட்டி கண்டு, சிகிச்சை பெற்று மீண்டார். பேத்தியர் வளர்ந்து பெரியவர்களாயினர்.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், 83-ஆம் வயதில், அவர் இறந்தார். டிசம்பர் 7, 8 ஆகிய இரு நாள்கள் அவரது உடல் மொன்றியால் அணியின் அரங்கில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. 9-ஆம் நாள் அதே அரங்கில் ஆட்டம் நடந்தது. அவர் வழக்கமாக அமரும் இருக்கையை வெறுமையாக விட்டு, அதன்மேல் ஒளி பாய்ச்சினர்; பக்கத்து இருக்கையில் எலீஸ் அம்மையார் அமர்ந்திருந்தார். அந்நாள்களில் வழக்கமாக 21,287 என அறிவிக்கப்பட்டுவந்த பார்வையாளர் எண்ணிக்கையை அன்று 21,286 என அறிவித்தனர். 10-ஆம் நாள் உலகின் அரசியான மரியாவின் பேராலயத்தில் அடக்கத் திருப்பலி. அவருக்குப் பதவி வழங்க முன்வந்த முன்னாள் பிரதமர்கள் இருவரும் அங்கே வந்திருந்தனர். அதற்கு முன், 7, 8 ஆகிய இரு நாள்களும், அரங்கின் உறைதளத்தில் வரிசையாக வந்த ஆயிரக்கணக்கானோரை, முகமறியாத அந்நியர்களை, பேழையின் அருகில் நின்று கைகுலுக்கி வரவேற்றவர்கள் நான்கு பெண்கள்: அவர் மனைவி, அவர் மகள், அவருடைய இரண்டு பேத்தியர்.